ஒக்டாவியா அனுப்பிய பாட்டில்

பதினோரு குடும்பம் இரண்டு வாரமாகக் காய்ச்சி எடுத்த எண்ணெயைக் கெடுத்தது நான்தான். வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு. விசிலடித்துக்கொண்டே கெடுத்தேன் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். கூட்டுறவுக்காரி எலோயிஸ் வாயால் அது உங்கள் காதுக்கு வந்தால், நடனமும் ஆடினேன் என்று சேர்த்துவிடுவாள்.

விசிலுக்குக் காரணம் இருந்தது. போன வாரம் தொலைபேசியில் ஒக்டாவியா, "வியாழக்கிழமை படகுல வரேன், கிரியோல் நாள் திருவிழாவுக்கு அங்க இருப்பேன்" என்று சொல்லியிருந்தாள். என் மனைவி. நாலு வருடத்துக்கு முன் புயல் எங்கள் கூரையைக் கடலுக்குத் தூக்கிப் போட்ட மூன்றாவது மாதம் இந்த டொமினிக்காவை விட்டுப் பக்கத்துக் குவாதலூப் தீவுக்கு வேலைக்குப் போனவள். இங்கே புதுக் கூரை போட்டாயிற்று. மகள் ஜெர்வினா எங்கள் பெத்தி ரவீன் ஊர்க் கூட்டுறவில் எண்ணெய்க்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டாள். எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. ஒக்டாவியா மட்டும் அங்கேயே இருக்கிறாள், மெழுகுவத்தியும் சோப்பும் விற்கிற ஒரு கடையில்.

"எப்ப திரும்பி வருவே?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன்.

"இங்க நல்ல மழை, ஹில்லிஸ்" என்பாள்.

அந்த ஊரில் நாலு வருடமாகப் பெய்த மழை வேறு எங்கேயும் பெய்திருக்காது.

நடுவில் இரண்டு முறை வந்தாள். ஒன்று கல்யாணம், ஒன்று சாவு. இரண்டிலும் எங்களைச் சுற்றி நாற்பது பேர். இந்த முறை எப்படியும் தனியாகப் பிடித்துக் கேட்டுவிடுவது என்றிருந்தேன். இனிமேல் இங்கேயே இருப்பாளா, மாட்டாளா. அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்போது பாட்டில்.

போன பிப்ரவரியில் தன் அண்ணன் பெர்னார்ட் கையில் ஒரு நீலக் கண்ணாடிப் பாட்டில் கொடுத்தனுப்பினாள். உள்ளே ஏதோ வாசனை எண்ணெய். ஆயுள் முழுக்கப் பே மரத்து இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறவனுக்கு யாராவது வாசனை எண்ணெய் அனுப்புவார்களா? பாட்டில் அழகாக இருந்தது. அதில் மிளகாய்ச் சாஸ் ஊற்றிக்கொண்டு, எண்ணெயை ஒரு ரம் பாட்டிலுக்கு மாற்றினேன். எங்கள் ஊரில் எண்ணெய், மண்ணெண்ணெய், தேன், மாதா கோயில் தீர்த்தம் எல்லாம் ரம் பாட்டிலில்தான் இருக்கும். ரம் மட்டும்தான் அதில் தங்காது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டில் என் கட்டில் ஓரத்தில் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, தக்கையைத் திறந்து, ஒரே ஒரு இழுப்பு. மணிக்கட்டில் ஒரு சொட்டு. எங்கள் பே இலையைக் கசக்கினால் கிராம்பும் மிளகும் கொஞ்சம் எலுமிச்சையும் சேர்ந்த மாதிரி இருக்கும். அதுவும் இந்தப் பாட்டிலில் இருந்தது. கூடவே இன்னொன்று இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. பிடிபடாததாலேயே மறுநாளும் திறப்பேன். வீட்டில் ஜெர்வினா வரும்வரை ஆள் கிடையாது. ஒரு பாட்டிலோடு பேச முடியாது, முகரலாம்.

வியாழக்கிழமை காலை எனக்கு வெட்கம் வந்துவிட்டது. கட்டிலோரத்தில் ரம் பாட்டிலைப் பார்த்தால் குடிக்கிறேன் என்று நினைப்பாள். முகர்கிறேன் என்று தெரிந்தால் அதைவிட மோசம். எடுத்துக்கொண்டு போய் அடுப்படிப் பலகையில், கூட்டுறவுக்குக் கொடுக்க வைத்திருந்த என் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே பழுப்புப் பாட்டில், ஒரே சோளக்கட்டைத் தக்கை.

பிறகு அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு கூட்டுறவின் காய்ச்சும் கொட்டகைக்குப் போனேன்.

ஜெர்வினா சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். "அப்பா, நான் வர்ற வரைக்கும் ஊத்தாதே!" என்று குழாயடியிலிருந்து கத்தினாள். புயலுக்கு அப்புறம் மரங்கள் இன்னும் முழுசாகத் தழைக்கவில்லை. குடும்பத்துக்கு ஒரு பாட்டில் தேறினால் பெரிது. எல்லார் எண்ணெயையும் சேர்க்கிற கேனில் பத்து பாட்டில் விழுந்திருந்தது. நான் பதினொன்றாவது. நாற்பது வருடமாகக் காய்ச்சுகிறவன் எண்ணெயை என் மகள் எதற்குச் சோதிப்பது? ஊற்றினேன். வாசம் வித்தியாசமாகத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அந்தக் கொட்டகையில் தூணே பே வாசம் அடிக்கும். அங்கே மூக்கை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். நல்ல சட்டை. அவள் அனுப்பியதையே பூசிக்கொண்டு போய் நின்றால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று, மிச்சமிருந்த பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையில் தாராளமாக ஊற்றி, கழுத்தின் இரண்டு பக்கமும் தேய்த்தேன்.

மூன்று எண்ணுவதற்குள் கழுத்து பற்றிக்கொண்டது.

மிளகாய் அரைத்து அப்பின மாதிரி. பாத்திரம் கழுவும் தண்ணீரில் தலையை விட்டேன். அவள் எண்ணெய் எட்டு மாதமாக என் மணிக்கட்டில் எறும்புகூடக் கடிக்கவில்லை. இப்படி எரிவது ஒன்றே ஒன்றுதான். எதுவும் கலக்காத எங்கள் இலை எண்ணெய். இலை எண்ணெய் என் கழுத்தில் இருக்கிறது என்றால், கேனில் இருப்பது எது?

பாதிச் சட்டைப் பொத்தானோடு கொட்டகைக்கு ஓடினேன்.

உள்ளே ஜெர்வினா கோடு போட்ட கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி தண்ணீர், பாதி எண்ணெய், நன்றாகக் குலுக்கி நிறுத்தினால், இலை எண்ணெய் பிரிந்து தன் கோட்டுக்கே வந்து நிற்கும். இன்று இரண்டு கோடு கீழே நின்றது. அடியில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. எதிரே எலோயிஸ், இடுப்பில் இரண்டு கையும்.

"எலோயிஸ் அக்கா, நான் உங்களைத் திருடின்னு சொல்லல" என்றாள் ஜெர்வினா. "நேத்து ஒம்பது பாட்டிலும் ஒண்ணொண்ணா சோதிச்சுதான் ஊத்தினேன். இன்னிக்குக் காலையில உங்களோடதை மட்டும் மோந்து பாத்துட்டு விட்டுட்டேன், தண்ணி இல்லாததால. அதைத்தான் சொல்றேன்."

"அதை மட்டுமா? உங்க அப்பனும் இப்பதானே ஊத்திட்டுப் போனான்!"

"அப்பா எண்ணெய்ல என்ன அக்கா இருக்கப்போகுது?"

அவள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, கழுத்தைவிட அதுதான் எரிந்தது.

"நான்தான்" என்றேன் வாசலில் நின்று. "பாட்டில் மாறிப்போச்சு. ஒக்டாவியா அனுப்பின வாசனை எண்ணெய். அதை ஊத்திட்டேன்."

எலோயிஸ் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "எ-எ! கழுத்துல என்ன, கடவுள் அதுக்குள்ள அடிச்சுட்டாரா?"

"இது வேற விஷயம்."

"வேற விஷயமா? எனக்கு வாய் இருந்ததால தப்பிச்சேன். இல்லாட்டி இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஊர் முழுக்க நான் கலப்படக்காரி. சனிக்கிழமை கூட்டத்துல பதினோரு வீட்டுக்காரங்க முன்னாடியும் நின்னு இதையே சொல்லணும் நீ. இதே கழுத்தோட." சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள். அவள் கோபம் நியாயமானது. நடைதான் கொஞ்சம் அதிகம்.

ஜெர்வினா ஒரு காகிதத் துண்டில் கேனிலிருந்து ஒரு சொட்டு விட்டு, வெளியே காற்றில் கொண்டுபோய் முகர்ந்தாள். திரும்பத் திரும்ப முகர்ந்தாள்.

"லாரி பன்னண்டு மணிக்கு வரும். அனுப்ப முடியாது" என்றாள். "வாங்குறவங்க எசென்ஷியல் ஆயில்னு பேர் ஒட்டி விக்கிறாங்க. இலையிலேர்ந்து ஆவியில வந்தது மட்டும்தான் அதுல இருக்கணும். இது ஃப்ராக்ரன்ஸ் ஆயில். மேசையில உக்காந்து கலக்கறது. செடியிலேர்ந்து வந்தது கொஞ்சம், ஆய்வுக்கூடத்துல செஞ்சது கொஞ்சம், எரியாம இருக்க மெலிசாக்குற திரவம் நிறைய. அதுதான் தண்ணியில கரைஞ்சு கோடு இறங்கிருச்சு."

"அதாவது பொய் எண்ணெய்."

"பாட்டில்ல இருந்த வரைக்கும் அது பொய் இல்லப்பா. நீ கேன்ல ஊத்தினப்பதான் பொய்யாச்சு."

தலையாட்டினேன். கழுத்து வலித்தது.

"அப்பா, இது கடையில வாங்கினதுன்னா நினைக்கிறே?"

"பின்னே?"

"இது அம்மா செஞ்சது. அம்மா அங்க விக்கிற வேலையில இல்ல. ரெண்டு வருஷமா அந்தக் கடைக்குக் கலவை போடறதே அம்மாதான்."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நீ கேக்கலயே. ஞாயித்துக்கிழமையானா ஒரே ஒரு கேள்விதான் கேப்பே."

"சரி, அந்தக் கேள்விக்காவது பதில் சொல்லு. அம்மா இனிமே இங்கயே இருக்கப்போறாளா?"

ஜெர்வினா குழாயைக் கழுவ ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த குழாயை.

வெளியே பெர்னார்டின் பிக்கப் ஹாரன் அடித்தது.

வழியெல்லாம் மதராஸ் கட்டம்போட்ட துணித் தோரணம். கிரியோல் நாளுக்கு முந்தின நாள் என்றால் ரோசோ துறைமுகச் சாலையில் வண்டி ஊரும், நகராது. பெர்னார்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோளைக் குலுக்கிக்கொண்டே சிரித்தான்.

"மச்சான், பத்து பாட்டில் நல்லதுல ஒண்ணுதானே? பேசாம அனுப்பியிருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

"உன் மருமகளுக்குத் தெரியும்."

"அதுவும் சரிதான். அவ அவங்க அம்மா மூக்கு."

"பெர்னார்ட், உன்னை ஒண்ணு கேக்கறேன். உன் தங்கச்சி இந்தத் தடவை வந்து தங்கிருவாளா?"

ரேடியோவைச் சத்தமாக வைத்தான். "இந்தப் பாட்டு உனக்குப் பிடிக்குமே மச்சான்!"

எனக்கு அந்தப் பாட்டே தெரியாது.

படகு ஒன்றே முக்காலுக்கு வந்தது. காத்திருந்தவர்கள் எல்லாரும் இறங்குகிறவர்கள் தலையைப் பார்த்தார்கள், நான் கையைப் பார்த்தேன். பெரிய பெட்டியா, சின்ன பெட்டியா? ஒக்டாவியா கையில் ஒரு சின்னப் பை. மூன்று நாள் பை. அது காலியாக வந்திருக்கலாம், மீதிச் சாமான் பின்னால் வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னை ஏமாற்றுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

மெலிந்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கட்டிப்பிடித்தவள் சட்டென்று விலகி என் காலரை இழுத்துப் பார்த்தாள்.

"போன்ஜே, கடவுளே! கழுத்துல என்ன இது?"

"உனக்காக வாசனை போட்டேன்."

"இலை எண்ணெயையா? அப்படியேவா?" சிரித்தாள். "நாப்பது வருஷமா அதோட கிடக்குறே. ரம்லயோ தேங்காயெண்ணெய்லயோ கலக்காம அதைத் தொடக்கூடாதுன்னு தெரியாது உனக்கு?"

"தெரியும். வேற பாட்டில்னு நினைச்சேன்."

"வேற எந்தப் பாட்டில்?"

பெர்னார்ட் ஓட்ட, நான் நடுவில், ஒக்டாவியா ஜன்னல் பக்கம். மலைப்பாதையில் முக்கால் மணி நேரம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். கட்டிலோரத்தை மட்டும் விட்டுவிட்டேன். "அடுப்படியில் எப்பவும் இருக்கும் அந்தப் பாட்டில்" என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "முதல்ல கொட்டகைக்கு விடு, அண்ணா" என்றாள்.

கொட்டகை வாசலில் அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டார்கள். ஒக்டாவியா மெதுவான குரலில், "பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துட்டியா?" என்று கேட்டாள்.

ஜெர்வினா என்னைப் பார்த்தாள். "அப்புறம் பேசலாம்மா."

"யாருக்குப் பாஸ்போர்ட்?" என்றேன்.

"சனிக்கிழமை கூட்டத்துக்கு எல்லார் வீட்டுலயும் சொல்லிட்டு வரேன்" என்று சொல்லி ஜெர்வினா இறங்கிப் போய்விட்டாள். பெர்னார்டுக்கும் திடீரென்று வண்டியில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது.

கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர், ஒரு கேன்.

ஒக்டாவியா கைப்பையிலிருந்து ஒரு ஒடுக்கமான காகிதத் துண்டை எடுத்தாள். கேனில் நனைத்து, இரண்டு முறை விசிறி, மூக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கண்ணை மூடினாள். இருபது வருடம் இந்தக் கொட்டகையில் என்னோடு விறகு தள்ளினவள். இப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பதை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊருக்குத் தெரியாத யாரோ ஒரு கெட்டிக்காரி வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"இங்க இருக்கு" என்றாள் மெல்ல. "பத்து பாட்டிலுக்குள்ள போட்டும் மறையல பாரு."

"எது?"

"நீ சொல்லு. எட்டு மாசமா மோந்திருக்கேல்ல?"

"அடுப்படியில..."

"ஹில்லிஸ். ஜெர்வினா எனக்கு எல்லாம் சொல்லியிருக்கா. கட்டிலைப் பத்தியும்."

அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாரும் எல்லாரிடமும் பேசியிருக்கிறார்கள்.

"இலை வாசம் தெரியும்" என்றேன். "அது கூட ஒண்ணு இருக்கு. பேர் தெரியல."

"ஈர விறகுப் புகை. சூடான தகரத்துல மழை விழுந்தா வருமே, அது. அடியில கொஞ்சமா ஈர மண்ணு. இந்தக் கொட்டகைதான். சாயங்காலம் நாலு மணிக்கு, மழைக்கு அப்புறம். புகை சரியா வரவே இல்ல. பதினாறு தடவை கலைச்சுப் போட்டேன். ஒரு தடவை கருவாடு மாதிரி வந்துச்சு, கடைக்காரம்மா ஜன்னலைத் தொறந்து வச்சுட்டாங்க." அவளே சிரித்துக்கொண்டாள். "பதினேழாவது தடவை வந்துச்சு. மெழுகுவத்தியாப் போட்டோம். நம்ம டொமினிக்கா ஆளுங்க வந்து வாங்குறாங்க. ஒருத்தர் கடையிலயே நின்னு அழுதார்."

"ஆனா ஒக்டா, அது நெசம் இல்லையே. புகையும் இல்ல, மழையும் இல்ல. நம்ம எண்ணெய் இலை குடுக்குறது."

"ஆமா, இலை குடுக்குறது. அதான் சொல்றேன்." அவள் குரல் உயரவில்லை. "இருபது வருஷம் இலை சுமந்தேன், நெருப்பு தள்ளினேன், உக்காந்து காத்திருந்தேன். முதல்ல வர்ற எண்ணெய் தண்ணி மேல மிதக்கும், கடைசியா வர்றது அடியில போகும், ரெண்டையும் ஒண்ணாக் கொட்டுவோம். நல்ல எண்ணெய்தான். உலகத்துலயே நல்ல எண்ணெய். ஆனா அதுல நான் பண்ண என்ன இருந்துச்சு? மழை நல்லா பேஞ்சா நல்லா வரும், இல்லாட்டி வராது. இது அப்படி இல்ல. ஸ்ட்ராபெரியை எவ்வளவு காய்ச்சினாலும் ஒரு சொட்டு எண்ணெய் வராது, தெரியுமா? நான் வர வைப்பேன். மழையை எந்த அண்டாவுல போட்டுக் காய்ச்சுவே? நான் வர வச்சிருக்கேன்."

கேன் பக்கம் குனிந்து நானும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

மெதுவாக, என் மரமண்டைக்குள்ளும், விஷயம் இறங்க ஆரம்பித்திருந்தது. பிப்ரவரியிலிருந்து அந்தப் பாட்டிலை நான் ஒரு வாக்குறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஊரை, என் கொட்டகையை அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே வந்துவிடுவாள் என்று. நினைத்துக்கொண்டிருந்தது வாஸ்தவம். அதற்காக அவள் வர வேண்டியிருக்கவில்லை. மழை, புகை, தகரம், மண் எல்லாவற்றையும் அங்கேயே செய்துகொண்டாள். எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பியிருந்தாள்.

கல் அடுப்பின் விளிம்பில் உட்கார்ந்தேன். அடுப்பு ஆறிக் கிடந்தது. கீழே எங்கேயோ ஜெர்வினா ஒரு வீட்டு வாசலில் பேசுகிற சத்தம், எலோயிஸ் சிரிப்பு.

"கூரை போட்டாச்சு" என்றேன். "அடுப்படிக்கும் புதுசா போட்டிருக்கேன். ஜன்னல் கொஞ்சம் பெரிசா வச்சிருக்கேன், உனக்குக் காத்து வேணும்னு."

"பெர்னார்ட் சொன்னான்."

"கோவமா என் மேல?"

"இல்ல."

"வேற யாராவது..."

"ச்சீ, போடா."

அந்தப் 'போடா'வைக் கேட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று இருந்தது. ஆனால் பேச்சை அங்கே நிறுத்தினால் மறுபடியும் மழை பெய்ய ஆரம்பித்துவிடும், மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்துவிடும். எழுந்து நின்றேன். வயதான ஆள் வேலை கேட்டு நிற்பது மாதிரி நின்றேன் என்று நினைக்கிறேன்.

"ஒக்டா, நான் கேக்கறேன், நீ மழையைப் பத்திச் சொல்லாம சொல்லணும். நீ இனிமே இங்க வந்து இருப்பியா?"

அவள் காகிதத் துண்டைக் கேன் மேல் வைத்தாள். என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். அவள் கண் நனைந்திருந்தது, குரல் நனையவில்லை.

"இல்ல, ஹில்லிஸ். வர மாட்டேன். அங்க எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு."